நிறைகுடங்கள் வாய் மூடிய காலை

எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுத்து எழுந்து வருகிற எல்லாருடைய உடம்புத் தண்ணீரும், அவர்கள் வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள் வாயை மூடிக்கொண்டுவிடும். கொக்கனேந்தல் பூமயிலுடைய தண்ணீர் மட்டும் மூடவில்லை.

அவள் அந்த எந்திரத்துக்குப் போனதே பேச்சு தட்டுப்பட ஆரம்பித்ததால்தான். மாசி மாதம் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தவளுக்கு வலது கை தன்பாட்டுக்கு வெட்டி வெட்டி இழுத்தது, பாத்தியிலேயே சாய்ந்தாள். கண் முழித்தபோது சுற்றி நின்றவர்களின் முகமெல்லாம் தெரிந்தது, பெயர்தான் ஒன்றும் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, ஆனால் வராமல் நின்றுகொண்ட சொற்களும் இருந்தன. சாக்கு என்ற சொல் வரவில்லை. சீப்பு வரவில்லை. "அந்தப் பல்லு பல்லா இருக்கிறத எடுங்க" என்று கேட்டுவிட்டு, அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். புருசன் வழிவிட்டான் சிரிக்கவில்லை. சரக்கு ஆட்டோ ஓட்டுகிற அவன், மிளகாய் மூட்டைகளை இறக்கிப்போட்டு, அதே ஆட்டோவில் அவளை ராமநாதபுரத்துக்கும், அங்கிருந்து பஸ்ஸில் மதுரைக்கும் கூட்டிக்கொண்டு போனான்.

மதுரையில் தாலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டச் சொன்னார்கள், மெட்டியைக் கழற்றச் சொன்னார்கள், கொண்டை ஊசியைக்கூட விடவில்லை. ஸ்கேன் பார்க்கிற டாக்டரம்மா மெஹர் கீழக்கரைக்காரர், உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், அதனால் பூமயிலுக்கு அவரைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

"பயப்படாதீங்கம்மா" என்றார் டாக்டர். "உங்க உடம்புல பாதிக்கு மேல தண்ணிதான். இந்தக் காந்தம் அந்தத் தண்ணியத் தட்டி எழுப்பும். அது திரும்ப முனகும். அந்த முனகலக் கேட்டுத்தான் நாங்க படம் போடுறோம்."

படத்தில், தலைக்குள் இடது பக்கம், எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி பளிச்சென்று தெரிந்தது. அதைச் சுற்றி, ஈரச் சுவரில் ஓதம் ஏறின மாதிரி ஒரு வெளிறல்.

"கட்டி தெரியுது. எடுத்துரலாம். சுத்தி இருக்கிற இந்த ஊறல்தான் பிரச்சினை. இதுல எது வெறும் நீர் வீக்கம், எதுவரைக்கும் கட்டி வேர் விட்டிருக்குன்னு இந்தப் படத்துல பிரிச்சுப் பாக்க முடியல. ஊறலுக்கு அடுத்த வீட்டுலதான் பேச்சு குடியிருக்கு. கொறச்சு எடுத்தா கட்டி திரும்ப வளரும். கூட எடுத்தா பேச்சு போயிரும்."

வழிவிட்டான் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். "சீமைக்கருவேல மாதிரிங்களா டாக்டர்? மேல வெட்டுனா போதாது, தூரோட புடுங்கணும்?"

"அதேதான். ஆனா வீட்டுச் செவத்த ஒட்டி மொளைச்ச கருவேல. தூரத் தோண்டுறப்ப செவரு விழுந்துரக் கூடாது. இன்னும் நுணுக்கமா, வேற மாதிரி ஒரு படம் எடுக்கணும். வலிப்பு அடங்க மாத்திரை குடுக்குறோம், அடங்குனதும் வாங்க. தள்ளிப்போடாதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், மானாமதுரை தாண்டியதும், பூமயிலின் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் முனக ஆரம்பித்தது. கோயில் வாசலில் நாதஸ்வரக்காரர் வாசிக்கும் முன் சீவாளியை ஊதிப் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒரு சத்தம். கண்டக்டர் டயரைப் பார்க்கச் சொன்னார், டிரைவர் இறங்கிப் பார்த்தார், முன்சீட்டு அம்மாள் தன் பாட்டிலைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு "என்னோடதுந்தான் பாடுது" என்றாள். அப்புறம் எல்லாரும் தங்கள் தங்கள் பாட்டிலைப் பைக்குள் அமுக்கிக்கொண்டு தூங்கிவிட்டார்கள், ஏனென்றால் வெயில் அப்படி.

கொக்கனேந்தலில் அவள் தெருவுக்குள் நுழைந்ததும் குடங்கள் முனகின. எவர்சில்வர் குடம், பிளாஸ்டிக் குடம், மண் தொட்டி என்ற பேதம் இல்லை. உள்ளே இருக்கிற தண்ணீர்தான் கணக்கு. ஊருணித் தண்ணீர் கட்டைக் குரலில் பேசியது, அடிபம்புத் தண்ணீர் கொஞ்சம் மூக்கால் பேசியது, காசு கொடுத்து வாங்குகிற கேன் தண்ணீர் கொசு மாதிரி மெல்லிசாய் ரீங்கரித்தது, அதில் ஒன்றும் இல்லாததால். ஊர் முதல் நாள் வாசலுக்கு வந்து பார்த்தது, இரண்டாம் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தது, மூன்றாம் நாள் பார்க்கவில்லை. "பூமயிலு வாரா போலருக்கு, உலைத்தண்ணி சத்தம் போடுது" என்று அரிசியைக் களைந்து போட்டது.

முதலில் மாட்டிக்கொண்டவர் பால்காரர் கோட்டைச்சாமி. பாலுக்கு என்று ஒரு முனகல் உண்டு, எருமை பெருமூச்சு விடுகிற மாதிரி கனமாக. அவருடைய கேனில் அந்தப் பெருமூச்சுக்கு மேலே தனியாக ஒரு மூக்குக் குரல் கேட்டது.

"அண்ணே, இது நம்ம கோயில் அடிபம்புல்ல?" என்றாள் பூமயில்.

"மழைச் சாரல் அடிச்சிருக்கும்த்தா, மூடி சரியில்ல."

"தைக்கப்பறம் ஏதுண்ணே மழை?"

தெருவே சிரித்தது. கோட்டைச்சாமி அன்றையிலிருந்து சுத்தப் பால் ஊற்றினார், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிறு போனது, பழக்கமில்லாததால். பழகியதும் பிள்ளைகளுக்குக் கன்னம் உப்பியது. கோட்டைச்சாமி மட்டும் பூமயில் வருகிற திசையைப் பார்த்து, வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே திரிந்தார்.

பிறகு ஊர் அந்த முனகலுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தது. இளநீர்க்காரர் குலையை அவள் முன்னால் வைத்து, எதில் தண்ணீர் அதிகம் என்று கேட்டுக்கொண்டார். கூட்டுக்குடிநீர்க் குழாய் எங்கோ உடைந்து, பஸ் நிறுத்தத்தில் ஈரம் பூத்திருந்தது; ஆட்கள் ஈரம் தெரிந்த இடத்தில் தோண்டிக்கொண்டிருக்க, முனகலோ அங்கேயிருந்து விலகி, தெரு திரும்பி, பள்ளிக்கூடச் சுவருக்கு அடியில்தான் உரக்கக் கேட்டது, உடைப்பும் அங்கேதான் இருந்தது. வழிவிட்டானின் அக்கா உமையாள் அங்கன்வாடி ஆயா. எந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதை அவள் கணக்கெடுக்கும் முன்னே பனிக்குடம் முனகிக் காட்டிக்கொடுத்தது. "எனக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டா எந் தம்பி பொண்டாட்டி" என்று உமையாள் திட்டினாள், ஆனால் சத்துமாவுப் பாக்கெட்டைச் சீக்கிரமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கண்ணீரும் தண்ணீர்தான் என்பது ஊருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பூமயில் கடந்து போகிற வீட்டில் யாராவது முந்தானைக்குள் அழுதுகொண்டிருந்தால், ஊசி நூல் கோக்கிற சத்தத்தில் அது கேட்கும். அவள் நின்று, உள்ளே போய், ஒன்றும் கேட்காமல், அவர்கள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியை எடுத்து உரித்துக் கொடுத்துவிட்டு வருவாள். ஊரில் ஒளிந்து அழுவது நின்றுபோனது. அழ வேண்டியவர்கள் வாசலில் உட்கார்ந்தே அழுதார்கள், சீக்கிரமும் முடித்துக்கொண்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஊராட்சித் தலைவர் அடைக்கலம் வந்து நிற்கிறவரை. நல்ல மனிதர்தான். வெள்ளை வேட்டி மண்ணில் படுவதைக்கூடப் பார்க்காமல் அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"தாயி, ஊருணி வத்திக்கிட்டே வந்து ஏடு கட்டிப்போச்சு. கோடை இன்னும் பொறக்கவே இல்ல. பூமிக்குள்ள கெடக்கிற தண்ணியும் ஒனக்குக் குரல் குடுக்குமான்னு ஒரு நட நடந்து பாத்துட்டா, போர் போட எடம் தெரிஞ்சுரும்."

நடந்து பார்த்தாள். குரல் கொடுத்தது. செருப்பில்லாமல் தரிசில் நடக்க, உள்ளங்கால் வழியாக, ஆழத்தில் தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்கள் மாதிரி அது முனகியது. காட்டிய இடத்தில் போர் போட்டார்கள், தண்ணீர் பீய்ச்சி அடித்துத் தலைவரின் வேட்டியை நனைத்தது. அவ்வளவுதான். அன்றையிலிருந்து வாசலில் ஆள் இல்லாத காலை இல்லை. இன்னும் ஒரே ஒரு வயல் தாயி. எங்க கொல்லைய மட்டும் ஒரு சுத்துச் சுத்திட்டுப் போத்தா. பூமயிலுக்கோ இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அவள் நடந்தாள், பங்குனி வெயிலில் நடந்தாள், இடுப்பில் தன் பெண் பிள்ளையோடு நடந்தாள், மாத்திரையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தாள், மதுரைக்கு நாளைக்குப் போகலாம் என்று நடந்தாள், அதற்கு மறுநாள் போகலாம் என்று நடந்தாள்.

வழிவிட்டான் சண்டை போட்டான். "டாக்டரம்மா தள்ளிப்போடாதன்னு சொன்னாக. நீ ஊருக்கெல்லாம் தண்ணி காட்டுற. ஒந் தலைக்குள்ள இருக்கிற தண்ணிய யாரு பாக்குறது?"

"வலிப்புத்தான் வரலையில்ல. இந்த ஒரு வயலு."

வலிப்பு வரவில்லை, ஆனால் சொற்கள் போய்க்கொண்டிருந்தன. ஊர் அதையும் தனக்குத் தெரிந்த விதத்தில் பழக்கிக்கொண்டது. அவள் மகள் மகிழினிக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒரு சொல்லைப் பிடித்தால் தாய் ஒரு சொல்லை விட்டாள். தாய் வாயிலிருந்து அகப்பை போன அன்று பிள்ளை அகப்பை என்றது. தாய்க்குப் பூட்டு மறந்த அன்று பிள்ளை பூட்டு பூட்டு என்று வீடெல்லாம் சுற்றியது.

"ஒஞ் சொல்லையெல்லாம் ஒம் மக திருடுறா பாரு" என்றாள் உமையாள்.

"எங்க போகுது மதினி, வீட்டுக்குள்ளதான கெடக்கு. வேணுங்கிறப்ப வாங்கிக்கிறேன்" என்றாள் பூமயில். இரண்டு பேரும் சிரித்தார்கள். உமையாள் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு காலை, பிள்ளை தெருவில் இறங்கி ஓடியது. மூலையில் தண்ணி டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது. பூமயில் கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் இல்லை. இருந்த இடம் தெரிந்தது, பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி தெரிந்தது, பெயர்தான் இல்லை. "ஏ" என்றாள், "ஏ, ஏ" என்றாள், தெருவில் எல்லாரும் திரும்பினார்கள், பிள்ளை திரும்பவில்லை. கோட்டைச்சாமிதான் பால் வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அள்ளினார். சுத்தப் பால் தெருவெல்லாம் ஓடி, கனமாக முனகிக்கொண்டே மண்ணுக்குள் இறங்கியது.

பூமயில் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். அங்கே அன்றைய வயல்காரர்கள் காத்திருந்தார்கள்.

"இனிமே ஒரு வயலும் கெடையாது" என்றாள். "எம் மகளக் கூப்புடப் பேரு வரல எனக்கு. நான் போறேன். இன்னைக்கே சொல்லிட்டேன், என்னையத் தேடாதீங்க."

தலைவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, மறுபடி போட்டு, மறுபடி எடுத்தார். "நாங்கதாந்தா உன்னையப் போகவிடாமப் பண்ணிட்டோம்" என்றார். "போயிட்டு வா. நல்லபடியா அனுப்பி வைக்கிறது எங்க பொறுப்பு."

அந்தப் பொறுப்பில்தான் தப்பு நடந்தது. ஊர்ப்பயணம் கிளம்புகிறவருக்கு எதிரே நிறைகுடம் வந்தால் போகிற காரியம் நடக்கும் என்பது கொக்கனேந்தலின் நம்பிக்கை. ஒரு குடம் வந்தாலே இவ்வளவு நல்லது என்றால், ஊர்க் குடம் முழுக்க வந்தால்? மறுநாள் விடியலில் பூமயில் வாசலைத் தாண்டினால், அவள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை தெருவின் இரண்டு பக்கமும் குடம், குடத்தின் கழுத்தில் மஞ்சள், வாயில் மாவிலை, பக்கத்தில் பெண்கள். புதுப் போர்த் தண்ணீர், ஊருணியின் கடைசித் தண்ணீர், கேன் வாங்குகிற வீடுகள் கேன் தண்ணீர், குடம் இல்லாத கிழவர்கள் சொம்பில் தண்ணீர். கோட்டைச்சாமி ஒரு வாளி நிறைய வெறும் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்று, "இதுல பால் கலக்கலத்தா" என்றார். அவள் நடக்க நடக்க அத்தனை தண்ணீரும் அத்தனை குரலில் முனகி அவளை வழியனுப்பியது. பூமயில் சிரித்துக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பஸ் ஏறினாள்.

மதுரையில் டாக்டர் மெஹர் நுணுக்கமான படத்தை எடுத்தார். எடுத்து, திரையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், பிறகு பூமயிலையும் வழிவிட்டானையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைத் திருப்பினார். மூளை இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் குடங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் மாவிலைகூடத் தெரிந்தது. ஓர் ஓரத்தில் ஒரு வாளி.

"இது எந்த ஊரு நிறைகுடம்?" என்றார் டாக்டர்.

"எங்க ஊருதாங்க" என்றாள் பூமயில். "வழியனுப்ப வச்சாக."

"பாசமான ஊருதான். ஆனா எனக்கு உங்க ஒருத்தர் தண்ணிதாம்மா கேக்கணும். மொத தடவ எடுத்தப்ப உங்க தண்ணிக்கும் ஊருக்கும் ஒரு பழக்கமும் இல்ல. இப்ப ஊரே உள்ள நின்னு பேசுது. நாளைக்குக் காலைல மறுபடி எடுக்கிறேன். அதுவரைக்கும் அவங்களக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

வழிவிட்டான் அக்காவுக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் கோயில் ஒலிபெருக்கி கரகரக்கிறதும், உமையாள் தொண்டையைச் செருமுகிறதும் போன் வழியாகவே கேட்டது.

"கொக்கனேந்தல் பொதுமக்களுக்கு ஒரு அறிவிப்பு. நாளைக்குக் காலைல எந் தம்பி பொண்டாட்டி பூமயிலு மறுபடி அந்த ஸ்கேன் குகைக்குள்ள போறா. போயி வெளிய வார வரைக்கும் ஊருக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி அசையக் கூடாது. அடிபம்பு அடிக்கக் கூடாது. மோட்டாரு போடக் கூடாது. உலை வைக்கக் கூடாது. டீக்கடையும் சேத்துத்தான். குளிக்கிறவுக இன்னைக்கே குளிச்சுக்கங்க. அழுகிறவுக அவ வெளிய வந்தப்பறம் அழுதுக்கங்க. கோட்டைச்சாமி அண்ணே, ஒங்க எருமைக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

மறுநாள் காலை பூமயில் குகைக்குள் படுத்தாள். தலையைக் கூட்டுக்குள் வைத்து, காதுக்கு மூடி வைத்து, பயந்தால் அமுக்க ஒரு ரப்பர்ப் பந்தைக் கையில் கொடுத்திருந்தார்கள். டக்கு டக்கு என்று எந்திரம் தட்ட ஆரம்பித்தது. அந்தத் தட்டலுக்கு அடியில், எத்தனையோ மைலுக்கு அப்பால், அவளுக்கு ஊர் கேட்டது. முதலில் டீக்கடைப் பாய்லர் அடங்கியது. அது அடங்கி அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பிறகு கோயில் அடிபம்பின் மூக்குக் குரல் நின்றது, புதுப் போர் நின்றது, பள்ளிக்கூடத் தொட்டி நின்றது. பிறகு தெருத் தெருவாக, வீடு வீடாக, பானை பானையாக, யாரோ ஒவ்வொரு குடத்தின் வாயிலும் விரலை வைத்து உஷ் என்று சொல்லிக்கொண்டே போகிற மாதிரி, ஊர்த் தண்ணீர் வாய் மூடிக்கொண்டே வந்தது. தொட்டிலில் பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் அழுகை வரும் முன்னே பால் கொடுத்தார்கள். கடைசித் தெருவில் உமையாள் கண்ணில் வந்ததை இமைக்காமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அது விழவில்லை என்பது பூமயிலுக்குக் கேட்டது.

அப்போது சடசடவென்று ஒரு பெரிய சத்தம்.

"என்னம்மா அது? எங்கயோ கொட்டுது" என்று டாக்டரின் குரல் காதுக்குள் வந்தது.

"எருமைங்க" என்றாள் பூமயில். "அதுக்கு மைக்குல சொன்னது புரிஞ்சிருக்காது."

அது முடிகிறவரை காத்திருந்தார்கள். முடிந்ததும் எந்திரம் மறுபடி தட்டியது. ஆனாலும் ஒரு முனகல் மிச்சம் இருந்தது, மிகச் சின்னதாக, ஊசி நூல் கோக்கிற சத்தத்தில். பூமயில் ஊரெல்லாம் தேடினாள். எந்த வீடு? கிழக்குத் தெருவா? உமையாள் மதினியா? இல்லை. அது கிட்டத்தில், வெகு கிட்டத்தில் கேட்டது. தன் இடது கண்ணின் ஓரத்தில் அது நின்றுகொண்டிருந்தது. அடச்சே, இது நம்மளோடதா என்று நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள், கருவாட்டுக் குழம்புக்குக் கத்தரிக்காய் போடுவதா முருங்கைக்காய் போடுவதா என்று தனக்குள் சண்டை போட்டாள், முருங்கைக்காய் ஜெயிப்பதற்குள் கண் காய்ந்துவிட்டது. குகைக்குள் அவளுடைய தலைக்குள் இருக்கிற தண்ணீர் ஒன்று மட்டும், தனியாக, தெளிவாக, இருக்கிறதை இருக்கிறபடி பேசியது.

இந்தத் தடவை திரையில் குடம் இல்லை. டாக்டர் மெஹர் வெகுநேரம் பார்த்தார். வழிவிட்டான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நாற்காலியின் கையைப் பிய்த்துவிடுவான் போல இருந்தான்.

"தண்ணி எப்படி நடமாடுதுன்னு பாக்குற படம் இது" என்றார் டாக்டர். "வெறும் ஊறல்ல தண்ணிக்கு எடம் இருக்கும், தாராளமா நடக்கும். கட்டியோட செல்லு நெருக்கிக்கிட்டு நிக்கிற எடத்துல நகர முடியாமத் தவிக்கும்."

"ரேசன் கடைக் கூட்டத்துல மாட்டுன மாதிரி" என்றாள் பூமயில்.

"அதேதான். இங்க பாருங்க. பேச்சுக்குப் பக்கத்துல இருக்கே ஊறல், நாம பயந்துக்கிட்டே இருந்தோமே, இங்க தண்ணி தாராளமா நடக்குது. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இது வெறும் வீக்கம். அழுத்தம் கொறஞ்சா வத்திரும், போன சொல்லுலயும் பாதிக்கு மேல திரும்பும்னு நம்புறேன். வேரு இங்க இல்ல. வேரு போனது இந்தப் பக்கம்." அவர் விரல் கட்டிக்குப் பின்னால், யாரும் பார்க்காத பக்கமாக, காதுக்கு மேலே, எலிவால் மாதிரி ஒரு மெல்லிய கோட்டைத் தொட்டது. "பழைய படத்துல இந்த எடம் சுத்தமாத்தான் தெரிஞ்சுச்சு. இதத் தெரியாம விட்டிருந்தா, திரும்ப இங்கிருந்துதான் மொளைச்சிருக்கும்."

"அப்ப செவரு விழாதுங்களா?" என்றான் வழிவிட்டான்.

"நூத்துக்கு நூறுன்னு நான் எப்பவும் சொல்றதில்ல. ஆனா எங்க தோண்டணும், எங்க தொடக் கூடாதுன்னு இப்ப எங்களுக்குத் தெரியும். தொடக் கூடாத எடம் பக்கத்து வீடுங்கிறதால, ஆபரேசனப்ப பாதியில எழுப்பிப் பேச வைப்போம். மூளைக்கு வலி தெரியாது. நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு தடுக்குனா ஆபரேசன் பண்ற டாக்டர் கைய எடுத்துருவார்."

"பேசுறதா?" என்றாள் பூமயில். "கரும்பு தின்னக் கூலி குடுத்த மாதிரில்ல இருக்கு."

ஆபரேசன் அன்று, பச்சைத் துணிக் கூடாரத்துக்கு அடியில் அவள் கண் முழித்தபோது, துணிக்கு இந்தப் பக்கம் ஒரு நர்சும் டாக்டர் மெஹரும், அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆபரேசன் செய்கிற டாக்டரும் இருந்தார்கள். டாக்டர் மெஹர் தன் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, அந்த எலிவால் போகிற வழியை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசச் சொன்னார்கள். பூமயில் ஊரைச் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் நிறுத்தத்தில் தொடங்கி, இடது கைப் பக்கம் முதல் வீடு, அதில் யார், அவர்களுக்கு எத்தனை பிள்ளை, மூத்தவள் யாரைக் கட்டிக்கொண்டு ஓடினாள், அவளே திரும்பி வந்து இப்போது தையல்கடை வைத்திருக்கிற கதை, அடுத்த வீடு, அதில் மாமியாரும் மருமகளும் ஒரே சினிமா நடிகருக்காகப் போட்ட சண்டை, தலைவர் வேட்டி நனைந்தது, கோட்டைச்சாமியின் சினை எருமை மைக் அறிவிப்பை மதிக்காதது. நர்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மயக்க மருந்து டாக்டர் எழுந்து வந்து, அந்தத் தையல்கடைப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று கேட்டுவிட்டுப் போனார். போகிற வழியில் அவளுக்கு அகப்பை கிடைத்தது, பூட்டு கிடைத்தது, ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குக்கூடக் கிடைத்தது. எடுத்தெடுத்துப் பேச்சில் போட்டுக்கொண்டே போனாள். இரண்டாம் தெரு முடிந்தது, மூன்றாம் தெருவில் பாதி வந்தாள்.

வந்து, நின்றுவிட்டாள்.

துணிக்கு அந்தப் பக்கம் கத்தியும் நின்றது. எதுவும் பேசாத அந்த அறையில் ஒரு மிஷின் மட்டும் பிங் பிங் என்று அவளுடைய நெஞ்சுத் துடிப்பை எண்ணியது. நர்சு சிரிப்பை முழுங்கினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஆண் குரல் தாழ்ந்து கேட்டது: "மெஹர், நான் எங்க இருக்கேன்?"

"வால் நுனியில. அங்க பேச்சு இல்ல. இருக்கக் கூடாது." டாக்டர் மெஹர் குனிந்து பூமயிலின் முகத்துக்கு நேரே வந்தார். அவர் கண்ணில் முதல்முறையாகப் பயம் இருந்தது. "பூமயில்? பேசுங்கம்மா. உங்க மக பேரு என்ன? பேரச் சொல்லுங்க."

பூமயில் உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. நாக்கை ஒரு சுற்றுச் சுற்றினாள், தொண்டையைக் கனைத்தாள், கனைக்கவும் வரவில்லை, மறுபடி கனைத்தாள்.

"மகிழினி" என்றாள். "மகிழினி, மகிழினி. பேரு எங்கயும் போகல டாக்டர், இங்கதான் இருக்கு. எச்சி வத்திப்போச்சு. எம்புட்டு நேரந்தான் ஒரு மனுசி மூச்சுவிடாமப் பேசுறது? கொஞ்சம் தண்ணி குடுத்தீகன்னா மிச்ச ஊரையும் சொல்லிருவேன்ல."

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நர்சு பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டில் வைத்தாள். பஞ்சில் இருந்த தண்ணீர் முனகவில்லை. கிண்ணத்தில் இருந்ததும் முனகவில்லை. அந்த அறையில் இருந்த எந்தத் தண்ணீரும் ஒரு சொல் பேசவில்லை. பூமயில் பஞ்சைச் சப்பி, நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு, "எங்க விட்டேன், ம், மூணாந் தெரு, வலது கைப் பக்கம்" என்று அடுத்த வீட்டுக் கதவைத் திறந்தாள்.